காதற் புதினங்களில் நமக்குரிய இடம்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் படிப்பக அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் பேசுதற்குரிய பொருள்கள் பல உண்டு. உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு, நிலவுரிமை எனச் சமுதாயத்தின் உயிர்நிலைகளைத் தொடும் பொருள்கள் அவை. எமக்கு அளிக்கப்பெற்ற பொருளோ காதற் புதினங்கள். "இந்த மேடையில் இதற்கென்ன வேலை?" என்று சிலர் உள்ளத்தில் வினா எழுதல் இயல்பே. ஆயினும் இப்பொருள் தானாக வந்து வாய்த்ததன்று. நம் படிப்பகத்திற்கு நூல்கள் வாங்குவது குறித்துப் பேச்சு எழுந்தபோது, வேலைக்குச் செல்லும் பெண்மக்கள் சிலர் மாத நாவல்களும் காதற் புதினங்களும் வேண்டும் என்று கேட்டனர். பெரியோர் சிலர், "அரும்பாடுபட்டுத் திரட்டிய பணம், பாடநூலுக்கும் போட்டித் தேர்வு நூலுக்கும் பயன்படட்டும், மனத்தைக் கெடுக்கும் கதைகளுக்கு வேண்டா" என்றனர். இரு தரப்பாரும் நம்மவரே. இருவர் கவலையும் மெய்யானதே. இத்தகைய புதினங்களை நெடுங்காலமாக விடாது படித்துவரும் வாசகர் என்னும் ஒரே தகுதியோடு, எம் கருத்தை இங்கே எடுத்துவைக்கின்றோம்.

முதற்கண், இவற்றைப் படிப்போர் யாவர் என்று பார்ப்போம். திருவள்ளூர்த் தடத்திலும் கும்மிடிப்பூண்டித் தடத்திலும் ஓடும் புறநகர் மின்தொடர் வண்டிகளில் மகளிர் பெட்டியை நோக்குங்கள். காக்களூர், அம்பத்தூர் தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் பெண்களும், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிச் சிப்காட் வளாகத்தில் ஷிப்டு ஏறும் பெண்களும், இரவு வேலை முடிந்து கண் சிவந்து திரும்பும் பெண்களும் அங்கே இருப்பர். ஒருகாலத்தில் அவர்கள் கைப்பையில் மடித்துச் செருகிய மாத நாவல் இருந்தது. இன்று பலர் கையில் கைபேசி இருக்கின்றது. 2014இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற 'பிரதிலிபி' போன்ற செயலிகளில் தொடர்கதைகள் ஓடுகின்றன. கருவி மாறிற்று, கதை மாறவில்லை.

அவ்விரு தடங்களின் வண்டிகளும் சென்னையில் புறப்படும் நிலையத்திற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். பழைய புத்தகங்களுக்குப் பேர்பெற்றிருந்து 1985ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் மார்க்கெட் நின்ற இடம் அது. அட்டை கிழிந்த நாவல்களைப் பேரம் பேசி வாங்கிய இடத்திலிருந்துதான் இன்று நம் பெண்மக்கள் கைபேசியில் கதை படித்தபடி வண்டியேறுகின்றனர். ஆகவே, காதற் கதை படித்தல் நம் தொழிலாளர் வாழ்வுக்கு அயலானது என்று எண்ணற்க.

அடுத்து, இப்புதினங்கள் வந்த வழியைச் சுருங்கக் காண்போம். தமிழின் முதல் நாவலாகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. அதன்பின் நாவல் பெருகப் பெருக, "நாவல் படித்தால் பெண்கள் கெடுவர்" என்ற கூக்குரலும் பெருகிற்று. இன்று நம் பெரியோர் சிலர் கூறுவதை, அன்று உயர்நிலைக் குடும்பத்துப் பெரியோர் தம் வீட்டுப் பெண்களை நோக்கிக் கூறினர். அக்கூக்குரலை மீறியே பெண்கள் படித்தனர், எழுதவும் செய்தனர். முறையான பள்ளிக் கல்வி பெறாத வை. மு. கோதைநாயகி அம்மாள், தொடக்கத்தில் தாம் சொல்லத் தோழியை எழுதச் செய்து, பின்னர்த் தாமே எழுதப் பழகி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைப் படைத்தார். 'ஜகன்மோகினி' இதழையும் பல ஆண்டுகள் நடத்தினார். மருத்துவராகிய லக்ஷ்மி குடும்பப் புதினங்களால் புகழ்பெற்று 1984இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். மு. வரதராசனார், அகிலன், நா. பார்த்தசாரதி ஆகியோரின் நாவல்கள் காதலையும் இலட்சியத்தையும் ஒருசேர ஊட்டின. 'குறிஞ்சி மலர்' படித்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டு மகிழ்ந்தது நாடறிந்த செய்தி.

1969இல் 'ராணி முத்து' தோன்றியது. பின்னர் 'மாலைமதி' முதலியன வந்தன. மலிவு விலையில் மாதந்தோறும் முழு நாவல் கடையில் தொங்கும் காலம் பிறந்தது. நூலகத்தின் படியேறாத குடும்பங்களுக்கும் நாவல் வந்து சேர்ந்தது அப்போதுதான். இன்றைய காதற் புதினத்தின் முகமாக விளங்குபவர் ரமணிசந்திரன். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் அவர். வாடகை நூலகங்களில் அவர் நூலின் அட்டை தேய்ந்திருக்கும் அளவே அவருடைய புகழுக்குச் சான்று. அவர் வழியைப் பின்பற்றி எழுதும் பெண்கள் இன்று எண்ணிலர்.

இவ்வகை நாவல்களின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். நெடிய வாக்கியத்தைக் கண்டால் அஞ்சும் ஒரு பெண், இருநூறு பக்கத்தை ஒரே இரவில் முடிக்கின்றாள் என்றால், அவளுக்கு அந்நாவல் படிப்புப் பயிற்சியாகவும் அமைகின்றது. தமிழ் நடையில் தடுமாற்றம் நீங்குகின்றது. மேலும், தனக்கென ஒரு நாழிகையும் இல்லாத பெண்ணுக்கு, நாவல் கையிலிருக்கும் பொழுது மட்டுமே தன் பொழுது. 1984இல் ஜானிஸ் ராட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர் தம் நாட்டின் காதற் கதை வாசகியரைக் கண்டு பேசி நூல் எழுதினார். கணவர்க்கும் பிள்ளைகளுக்கும் ஓயாது ஊழியம் செய்யும் அப்பெண்கள், படிக்கும் நேரத்தையே தம் விடுதலை நேரமாகக் கருதினர் என்பது அவர் கண்ட உண்மை. அங்கு அவ்வாறாயின், எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று, வீடு திரும்பித் தண்ணீர் பிடித்து, உலை வைத்து, துணி துவைக்கும் நம் தங்கைக்கு அந்த நேரத்தின் அருமை எத்தகையது என்று கூறவும் வேண்டுமோ!

நன்மையை ஒப்புக்கொண்ட பின்னர்க் குறையைச் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. இப்புதினங்கள் பலவற்றையும் அடுத்தடுத்துப் படித்தால் ஓர் அமைப்புப் புலப்படும். தலைவன் பெரும்பாலும் தொழிலதிபன்; ஆறடி உயரம்; ஆலையோ தோட்டமோ உடையவன். தலைவி தந்தையை இழந்தவள் அல்லது நொடித்துப்போன நல்ல குடும்பத்தவள். அவனுடைய அலுவலகத்திற்கே வேலைக்கு வருகிறாள். ஒரு தப்பெண்ணம் இருவரையும் பிரிக்கின்றது. பொறாமை கொண்ட உறவுக்காரி அதற்கு எண்ணெய் வார்க்கின்றாள். இறுதியில் தப்பெண்ணம் நீங்குகின்றது. தாலி ஏறுகின்றது, அல்லது முன்னரே ஏறிய தாலிக்குப் பொருள் கிடைக்கின்றது. இவ்வமைப்பு நம் நாட்டுக்கே உரியதன்று. 1813இல் ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலிலும் செருக்குடைய செல்வனும் செல்வமற்ற தன்மானப் பெண்ணும் தப்பெண்ணம் நீங்கியே கூடுகின்றனர். 1908இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற 'மில்ஸ் அண்ட் பூன்' பதிப்பகம் இத்தகைய கதைகளையே உலகெங்கும் பரப்பியது.

இங்கே ஒரு செய்தியை உற்று நோக்குதல் வேண்டும். இக்கதைகளில் ஆலை வருகின்றது. ஆனால் ஆலை எப்போதும் முதலாளியின் அறையிலிருந்தே காட்டப்படுகின்றது. குளிரூட்டிய அறை, சுழல் நாற்காலி, கோப்பு ஏந்திய தலைவி ஆகியவற்றோடு ஆலை முடிந்துவிடுகின்றது. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருட்டாலையில் செங்கனலாய் ஓடிவரும் கம்பியின் வெம்மையை அந்நாவல் அறியாது. கேட்டில் நிறுத்திப் பையைச் சோதிப்பதை அறியாது. காண்ட்ராக்டர் பெயர்ப் பட்டியலில் இன்று இருந்து நாளை இல்லாமற்போகும் கவலையை அறியாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் தகரக் கூரையின்கீழ் ஊருக்குத் தொலைபேசியில் பேசும் காதலை அறியாது. ஆயிரம் பேர் உழைக்கும் இடத்தில் காதலிக்கும் தகுதி ஒருவனுக்கே அளிக்கப்பட்டிருக்கின்றது. அவன் அந்த ஆலையின் உரிமையாளன்.

இது புதிய பழக்கமா என்று கேட்டால், மிகப் பழைய பழக்கம் என்றே விடை வரும். நம் மொழியின் பெருமைக்குரிய தொல்காப்பியத்தின் அகத்திணையியல், காதலுக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, அடியோரையும் வினைவலரையும் பற்றிப் பேசுகின்றது. பிறர்க்கு அடிமைப்பட்டோரும், பிறர் ஏவிய வேலையைச் செய்வோரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தவாகிய கைக்கிளையிலும் பெருந்திணையிலும் தலைமக்களாக வருதற்குத் தடையில்லை என்பது அங்குள்ள விதி. ஒத்த அன்பாகிய நடுவண் ஐந்திணை அவர்களுக்குரியதன்று என்பது அதன் உட்பொருள். உரையாசிரியர் இளம்பூரணர், குற்றேவல் செய்வார்க்கு அறமும் பொருளும் இன்பமும் வழுவாது ஒழுகுதல் அரிது என்றும், நாணம் அவர்பாற் குறைவு என்றும் அதற்குக் காரணம் கற்பிப்பார். உழைப்பவனுக்குக் காதலிக்க ஓய்வில்லை என்பதை ஒருவாறு ஒப்பலாம். உழைப்பவளுக்கு நாணமில்லை என்பதை எங்ஙனம் ஒப்புவது? ஐந்திணையில் இடமில்லாத வினைவலர், மாத நாவலிலும் இடம் பெறவில்லை. இடையே எத்தனையோ நூற்றாண்டு கடந்தும் வாசல் திறக்கவில்லை.

அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது மற்றொரு மரபு. காதல் அனைவர்க்கும் பொதுவாய் நிற்க வேண்டும் என்ற நோக்கில் பெயரை மறைத்தனர். இன்றைய காதற் புதினமோ பெயரைச் சொல்லுகின்றது, சாதியை மறைக்கின்றது. மறைத்தும் மறையவில்லை. பூசையறையின் அமைப்பு, சமையலின் வகை, பாட்டியின் பேச்சு, "நல்ல குடும்பம்" என்று அடிக்கடி வரும் சொல், தலைவியின் பொன்னிறம் ஆகிய யாவும் சேர்ந்து, இது யாருடைய வீடு என்பதை உரைத்துவிடுகின்றன. அவ்வீட்டில் நம்மவர் உண்டு. காரோட்டியாக, தோட்டக்காரனாக, பாத்திரம் துலக்கும் அம்மாவாக உண்டு. அந்த அம்மாவுக்குப் பேச்சு இரண்டு வரி. பெயர் சில நாவல்களில் மட்டும்.

"கதைதானே, கதையில் சாதி இல்லாமற்போனால் நல்லதுதானே?" என்று இளைஞர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையை அண்ணல் அம்பேத்கரிடம் பெறுவோம். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது மாணவராக அவர் படித்த கட்டுரை, சாதியின் உயிர்நாடி அகமணமே என்று நிறுவிற்று. தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்னும் கட்டு உள்ளவரை சாதி உயிர்வாழும். அக்கட்டு அவிழ்ந்தால் சாதி தானே சாயும். இருபது ஆண்டுகள் கழித்து, லாகூர் மாநாட்டுக்கென எழுதப்பெற்று, மேடையில் பேச இடந்தரப்படாமல், 1936இல் அச்சில் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையிலும், உடனமர்ந்து உண்பது மட்டும் போதாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்றும், அதற்குத் தடையாய் நிற்கும் சாத்திர நம்பிக்கை தகர வேண்டும் என்றும் அவர் எடுத்துரைத்தார்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். யார் யாரை மணக்கலாம் என்பதே சாதியின் பூட்டு. காதற் கதையின் பொருளும் யார் யாரை மணக்கலாம் என்பதே. ஆகவே, இலக்கிய வகைகள் யாவற்றுள்ளும் அந்தப் பூட்டுக்கு மிக அருகே நிற்பது காதற் கதை. அரசியல் நாவலைக் காட்டிலும், வரலாற்று நாவலைக் காட்டிலும் அருகே நிற்பது. அத்துணை அருகே நின்றுகொண்டு, பூட்டே இல்லாதது போலக் கதை நடத்துவதுதான் நாம் கூறும் குறை. தப்பெண்ணம், பொறாமை, பணச் செருக்கு எனக் காதலுக்கு எல்லாத் தடைகளையும் கற்பித்துக் காட்டும் எழுத்தாளர்கள், நாட்டில் மெய்யாக உள்ள தடையை மட்டும் விட்டுவிடுகின்றனர்.

அத்தடை எவ்வளவு பெரிது என்பதற்குச் சான்று வேண்டுமா? 2011–12இல் நடந்த இந்திய மானுட மேம்பாட்டு ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 5 திருமணங்களே சாதி கடந்தவையாகக் காணப்பட்டன. நம் மாநிலத்தில் சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் முழு ஏற்பு அளித்தது. அதற்கும் முன்னரே 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் எச்சாதியாரும் எம்மதத்தாரும் பதிவு செய்து மணக்க வழி திறந்தது. இத்தனை சட்டங்களுக்குப் பின்னரும், 2003இல் விருத்தாசலத்தை அடுத்த ஊரில் காதலித்து மணந்த இணையர் இருவர் ஊரார் முன்னிலையில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். தண்டனைத் தீர்ப்பு வர 2021 வரை, பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் அருகே, நம் இளைஞர் ஒருவர் மனைவியின் கண்முன் வெட்டி வீழ்த்தப்பட்டார். வயது வந்த இருவர் மனமொத்து மணப்பதில் குடும்பமோ ஊரோ கூட்டமோ தலையிட உரிமையில்லை என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுறக் கூறி, மாவட்டந்தோறும் பாதுகாப்புப் பிரிவு அமைக்கவும் பணித்தது. இத்தகைய நாட்டில், காதற் கதையில் சாதி இல்லை என்பது பெருந்தன்மை ஆகாது. உண்மையைக் காணாது கடந்து போதலே ஆகும்.

அப்படியானால், உண்மையைக் கண்ட எழுத்தே இல்லையா என்றால், உண்டு. பூமணி 1979இல் 'பிறகு' நாவலைத் தந்தார். ப. சிவகாமி 1989இல் 'பழையன கழிதலும்', 1992இல் 'ஆனந்தாயி' ஆகியவற்றை எழுதினார். பாமாவின் 'கருக்கு' 1992இலும், 'சங்கதி' 1994இலும் வந்து, நம் வீட்டுப் பெண்களை அவர்கள் சொந்தக் குரலிலேயே பேச வைத்தன. காதலின் மீது சாதி தொடுக்கும் போரை நேரே சொன்னவையும் உண்டு. இமையத்தின் 'பெத்தவன்' 2012இல் வந்தது. பெற்ற மகளைக் கொல்லுமாறு ஊர் தந்தைக்கு ஆணையிடும் கொடுமை அதன் பொருள். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வந்தது. சோடாக்கடையில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன், தான் விரும்பி மணந்த வேற்றுச் சாதிப் பெண்ணைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்லும் கதை அது. தருமபுரியில் அவ்வாண்டு உயிரிழந்த நம் இளைஞர் ஒருவருக்கே அந்நூல் காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

இந்நூல்கள் யாவும் நம் படிப்பகத்தில் இருக்க வேண்டியவை, ஐயமில்லை. ஆயினும் ஒரு வாசகர் என்ற முறையில் எம் மனத்தில் நெடுநாளாக உறுத்திவரும் ஓர் எண்ணத்தை இங்கே வெளியிடுகின்றோம். மாத நாவலைத் திறந்தால் காதல் இருக்கின்றது, நாம் இல்லை. உயர்ந்த இலக்கியத்தைத் திறந்தால் நாம் இருக்கின்றோம். ஆனால் நம் காதல் பெரும்பாலும் தீயிலோ நஞ்சிலோ தண்டவாளத்திலோ முடிகின்றது. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இரண்டையும் படித்தால் என்ன முடிவுக்கு வருவாள்? இன்பமான காதல் பிறர்க்குரியது, நமக்குரியது துன்பம் மட்டுமே என்ற முடிவுக்கன்றோ வருவாள்? கொடுமையைச் சொல்வது எழுத்தாளர் கடமை. அதனை ஒருபோதும் குறை கூறோம். ஆனால் நம் குடியிருப்புகளில் காதலித்து மணந்து, பிள்ளை பெற்று, சண்டையிட்டுச் சமாதானமாகி, ஒன்றாய் முதுமை எய்தியோரும் உள்ளனரே! அவர்கள் கதையை எழுதுவார் யார்?

இந்த வினாவைக் கடலுக்கப்பாலும் ஒரு மக்கள் கேட்டனர். அமெரிக்காவில் காதற் புதினங்கள் இலட்சக்கணக்கில் விற்றுவந்த காலத்தில் அவற்றில் கறுப்பினப் பெண்கள் தலைவியராக வருவதில்லை. அவர்களோ அந்நூல்களை வாங்கிப் படித்துக்கொண்டே இருந்தனர். 1980இல் எல்சி வாஷிங்டன் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், ரோசலின்ட் வெல்ஸ் என்னும் புனைபெயரில், கறுப்பினக் காதலர் இருவரைத் தலைமக்களாக்கி 'என்ட்வைன்ட் டெஸ்டினீஸ்' என்ற நாவலை எழுதினார். அதனைப் பதிப்பித்தவர் விவியன் ஸ்டீபன்ஸ் என்னும் கறுப்பினப் பதிப்பாசிரியர். 1994இல் பெவர்லி ஜென்கின்ஸ் 'நைட் சாங்' நாவலை வெளியிட்டார். அடிமை முறை ஒழிந்தபின் வாழ்ந்த கறுப்பினப் பள்ளி ஆசிரியை ஒருத்தியும் குதிரைப்படை வீரன் ஒருவனும் அதில் காதலிக்கின்றனர், வாழ்கின்றனர். வரலாற்றின் கொடுமையை அவர் மறைக்கவில்லை. அதனூடே தம் மக்களுக்கு மகிழ்ச்சியையும் உரிமையாக்கினார். நல்ல முடிவு என்பது வெறும் இனிப்பு மிட்டாய் அன்று. மறுக்கப்பட்டவர்க்கு அது ஓர் உரிமைக் கோரிக்கை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கடல் கடந்து போவானேன்? ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்த நம் மாவட்டத்துப் பா. இரஞ்சித் 2012இல் எடுத்த முதற்படம் 'அட்டகத்தி'. சென்னையின் புறநகர்க் கிராமத்தில், பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், மீண்டும் மீண்டும் காதலித்து, ஏமாந்து, மீண்டும் எழுந்து நடக்கின்றான். அங்கே நம் தெரு உண்டு, கானா உண்டு, சிரிப்பு உண்டு. நம் இளைஞன் காதலில் தோற்றும் உயிரோடிருக்கலாம், கேலிக்கு ஆளாகலாம், மறுபடி காதலிக்கலாம் என்று திரையில் கண்டபோது மக்கள் கைதட்டினர். திரைப்படம் செய்ததை நாவலும் செய்யலாம்.

இனிப் படிப்பகத்தின் வினாவுக்கு வருவோம். காதற் புதினங்களை வாங்கலாமா? வாங்க வேண்டும் என்பதே எம் துணிபு. நூலகத் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதனார் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தனுள், நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதும், வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டும் என்பதும் தலையாயவை. நம் படிப்பகம் போட்டித் தேர்வு எழுதும் தம்பிக்கு உரியது போலவே, ஷிப்டு முடிந்து வரும் தங்கைக்கும் உரியது. அவள் விரும்பும் நூல் அங்கே இல்லையெனில், அவள் படியேற மாட்டாள். படியேறாதவளுக்கு 'சங்கதி'யை எங்ஙனம் கொடுப்பது? ஆகவே மாத நாவலை ஒரு தட்டில் வையுங்கள். அதற்கு அடுத்த தட்டிலேயே பாமாவையும் சிவகாமியையும் வையுங்கள். முதல் தட்டை நாடி வரும் கை ஒருநாள் இரண்டாம் தட்டுக்கும் நீளும்.

இளைஞர்களுக்கு எம் வேண்டுகோள், படிக்கும்போது சில வினாக்களைத் துணையாகக் கொள்ளுங்கள் என்பதே. இக்கதையில் வீடு யாருடையது? வேலை செய்வது யார், அவர்க்குப் பெயர் உண்டா? அழகுக்கு ஒரே நிறந்தானா? தலைவி மறுத்தபோது அம்மறுப்பு மதிக்கப்பட்டதா? இந்த நான்காம் வினாவைத் தங்கைமார் மறவாது கேட்க வேண்டும். கையைப் பற்றி இழுப்பதையும், கன்னத்தில் அறைவதையும், வற்புறுத்தித் தாலி கட்டுவதையும் ஆழ்ந்த அன்பின் அடையாளமாகக் காட்டும் நாவல்கள் பல உள்ளன. கதையில் அவன் இறுதியில் நல்லவனாகிவிடுகிறான். வாழ்க்கையில் அத்தகையவன் காவல் நிலையத்திற்கே உரியவன். தம்பிமார்களும் இதனை உணர வேண்டும். மறுப்பை மதிக்கத் தெரியாதவன் எந்தச் சாதியில் பிறந்தாலும் காதலன் ஆகான். நிறைவாக, தலைவி திருமணத்திற்குப் பின் தன் படிப்பையும் வேலையையும் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கையும் காத்துக்கொண்டாளா என்றும் பாருங்கள். மாளிகைக்குள் நுழைந்தாள் என்பதோடு நிறுத்தும் கதை, பாதிக் கதையே.

பெரியோர்களே! உங்கள் அச்சத்தை யாம் அறிவோம். பெண் கதை படித்து, காதலித்து, படிப்பை விட்டு, ஆபத்தில் சிக்குவாளோ என்று அஞ்சுகின்றீர்கள். நாளிதழ்ச் செய்தி அவ்வச்சத்தை வளர்க்கின்றது. ஆனால், கதையைப் பூட்டி வைத்தால் காதல் பூட்டப்படுமா? கதை கேட்டுக் காதலித்தோர் சிலர். கதையே அறியாது காதலித்தோர் பலர். மகள் கையிலுள்ள நாவலைப் பிடுங்கி எறிவதினும், "இக்கதையில் உனக்குப் பிடித்தது யாது?" என்று கேட்பது மேல். அவ்வாறு கேட்கும் தாய் தந்தையரிடம், நாளை தன் வாழ்வில் ஒரு செய்தி நேர்ந்தால், அவள் மறைக்காது வந்து சொல்வாள். அப்போது சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்பு உண்டு என்பதையும், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 அகவை நிறைய வேண்டும் என்பதையும், பாதுகாப்புக் கோரும் உரிமை உண்டு என்பதையும் எடுத்துச் சொல்ல நம் சங்கம் துணை நிற்கலாம். மறைவில் வளரும் காதலுக்கே ஆபத்து மிகுதி. வீட்டார் அறிந்த காதலுக்குக் காவல் உண்டு.

இறுதியாக ஒன்று. நம் சமுதாயம் எழுத்துக்குப் புதியதன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் நடத்தினர். அவர்கள் அரசியலையும் வரலாற்றையும் சமயத்தையும் நம் கையில் எடுத்துத் தந்தனர். காதற் கதை மட்டும் இன்னும் பிறர் வீட்டு முற்றத்திலேயே நிற்கின்றது. அதனை அழைத்துவரும் பணி, இங்கே அமர்ந்திருக்கும் உங்களுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பொறிப்பணி செய்யும் ஒருத்தி, கவரைப்பேட்டை நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் ஒருவன், குடியிருப்பின் தெருக்குழாய், சம்பள நாள், இரவு ஷிப்டு, பதிவு அலுவலகத்தின் மரப்பெஞ்சு ஆகியன போதும் ஒரு நல்ல நாவலுக்கு. தலைவன் தொழிலதிபனாக வேண்டுவதில்லை. தலைவி பொன்னிறமாக வேண்டுவதில்லை. அவர்கள் சாதியை மறைக்க வேண்டுவதில்லை. அதனை எதிர்த்து நின்று வாழ்ந்து காட்டினால் போதும். வினைவலர்க்கு ஐந்திணை இல்லை என்ற விதியை மாற்றி எழுதும் உரிமை வினைவலர் மக்களாகிய நமக்கே உண்டு.

பொன்விழா மலர் வெளிவரும் நாளில், நம் படிப்பகத்தின் அந்த முதல் தட்டிலேயே, நம் தங்கையொருத்தி எழுதிய காதற் புதினம், அட்டை தேயத் தேயப் படிக்கப்பட்டு இருத்தல் வேண்டும் என்பது எம் பேரவா. அவ்வவா நிறைவேறப் படியுங்கள், பேசுங்கள், எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றோம்.